கடலே வகுப்பறை

நுழையும்முன்

நூலில் படித்த உயிரினத்தை அதன் வாழிடத்திற்கே சென்று காண்பது உயிரியல் கல்வியின் இன்றியமையாத பகுதியாகும். கடற்கரையில் சில நாள்கள் தங்கி, கடல் வற்றும் நேரமறிந்து பாறைக் குட்டைகளின் அருகே குனிந்து நோக்கும் மாணவர் குழுக்களை இன்று பல நாடுகளில் காணலாம். அமெரிக்காவில் இக்கல்விமுறை வேரூன்றக் காரணமானவர்களுள் ஒருவர் லூயி அகாசி. பிறர்க்குக் காணக் கற்பித்த அவர், தாமே காணத் தவறியவையும் உண்டு. இரண்டையும் சேர்த்து அறிவதே அவருடைய வாழ்வை முழுமையாக அறிவதாகும்.

தீவை நோக்கி ஒரு படகு

1873ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து ஒரு நீராவிப் படகு புறப்பட்டது. பசார்ட்ஸ் விரிகுடாவில் அமைந்த பெனிகீஸ் என்னும் சிறு தீவை நோக்கி அது சென்றது. படகில் ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆசிரியர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கோடை விடுமுறையை ஓய்வில் கழிக்காமல், கடல்வாழ் உயிர்களைக் கற்பதற்காக அவர்கள் அத்தீவில் தங்க வந்திருந்தனர்.

தீவின் சிறு படகுத்துறையில் முதியவர் ஒருவர் அவர்களுக்காகக் காத்து நின்றார். அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி அகாசி. அப்போது அவருக்கு வயது 66. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவு அவரைப் படுக்கையில் வீழ்த்தியிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய முதுமையில் அவர் ஒரு புதிய பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியின் வகுப்பறை கடற்கரை. பாடப்பொருள் கரையில் வாழும் உயிர்கள். அதுவே அவருடைய இறுதிக் கோடையாக அமைந்தது.

ஏரிக்கரை இளமை

லூயி அகாசி 1807ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டில் மொரா ஏரிக்கரையிலுள்ள மோட்டியே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ரோடோல்ஃப் அவ்வூரின் சமய குரு. தாய் ரோஸ் மருத்துவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டின் பின்புறத்தில் ஊற்றுநீர் நிரம்பிய கற்றொட்டி ஒன்று இருந்தது. ஏரியில் தம்பியுடன் சேர்ந்து பிடித்த மீன்களை அகாசி அத்தொட்டியில் விட்டு வளர்த்தார். மீன் எங்கே ஒளிகிறது, எதை உண்கிறது, எப்படித் திரும்புகிறது என்பவற்றை நூல் துணையின்றி அவர் அறிந்துகொண்டது அத்தொட்டியில்தான்.

மகன் மருத்துவராக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். சூரிச், ஹைடல்பர்க், மியூனிக் ஆகிய நகரங்களில் பயின்று 1830ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டமும் பெற்றார். எனினும், அவருடைய உள்ளம் மீன்களிலேயே நிலைத்திருந்தது. மருத்துவப் பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்னரே, பிரேசில் நாட்டு ஆறுகளில் சேகரிக்கப்பட்ட மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்திருந்தார்.

பின்னர்ப் பாரிஸ் நகருக்குச் சென்று, விலங்குகளின் உடலமைப்பு ஆய்வில் அக்காலத்தில் ஒப்பாரின்றி விளங்கிய கூவியேயிடம் பயின்றார். கூவியே தாம் தொகுத்து வைத்திருந்த மீன் புதைபடிவக் குறிப்புகளை இளைஞரான அகாசியிடம் ஒப்படைத்தார். 1832ஆம் ஆண்டில் கூவியே மறைந்தார். அதே ஆண்டில், அறிஞர் ஹம்போல்ட்டின் ஆதரவால் அகாசிக்குச் சுவிட்சர்லாந்தின் நோஷாடெல் நகரில் பேராசிரியர் பணி கிடைத்தது. அங்கிருந்துகொண்டு 1833 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, மீன் புதைபடிவங்களைப் பற்றிய பெருநூலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அந்நூலே அவரை உலகறியச் செய்தது.

பாறையடியில் ஒரு விடுதி

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில், சுற்றியுள்ள பாறை வகையோடு சிறிதும் ஒத்துப்போகாத பெரும் கற்கள் ஆங்காங்கே கிடக்கும். அவற்றை முன்னொரு காலத்தில் பனியாறுகளே சுமந்து வந்தன என்று வெனெட்ஸ், ஷார்பான்டியே ஆகிய சுவிஸ் ஆய்வாளர்கள் கருதினர். அகாசி முதலில் இக்கருத்தை நம்பவில்லை. ஷார்பான்டியே பணியாற்றிய மலைப்பகுதிக்கே சென்று, அவருடன் தங்கிச் சான்றுகளை நேரில் கண்ட பின்னர்த் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1837ஆம் ஆண்டில், முற்காலத்தில் பெரும்பரப்பைப் பனி மூடியிருந்தது என்னும் கருத்தை நோஷாடெல் நகரில் கூடிய அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அவையில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

எதிர்ப்புக்கு விடைகாண அகாசி பனியாற்றின் மீதே குடியேறினார். 1840ஆம் ஆண்டுக் கோடையில், ஆர் பனியாற்றின் மேல் கிடந்த ஒரு பெரும்பாறையின் அடியில் கல்லடுக்கிச் சுவரெழுப்பித் தம் தோழர்களுடன் தங்கினார். அந்தக் கற்குடிலுக்கு நோஷாடெல் மக்கள் விடுதி என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினர். பனியின் வெப்பநிலையை அளந்தனர். அதன் நகர்வைக் கணக்கிட்டனர். பனியில் உருகிய நீர் குடைந்த ஆழ்கிணறு ஒன்றினுள் அகாசி கயிற்றில் தொங்கியவாறு இறங்கி, அடியிலிருந்த குளிர்நீரில் கால் நனைந்து உயிர்தப்பி மீண்டார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய பனியாற்று நூல், பனியூழி என்னும் கருத்தை அறிவியல் உலகில் நிலைநாட்டத் துணைநின்றது.

ஆய்வு செய்ய வேண்டிய இடத்திலேயே தங்க வேண்டும் என்னும் பாடத்தை அகாசி அந்தப் பாறையடியில் கற்றார். ஒரு நாள் சென்று திரும்புவோர்க்குப் பனியாறு அசைவற்ற பனித்திரளாகவே தோன்றும். அங்கேயே தங்கி நாள்தோறும் அளப்போர்க்குத்தான் அது நகர்கிறது என்பது புலனாகும். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் கடற்கரையில் அமைத்த பள்ளிக்கு அடித்தளமாக இருந்தது இவ்வுண்மையே.

ஒரு மீனும் மூன்று நாள்களும்

அகாசி 1846ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றார். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்கப் பாஸ்டன் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். விரைவிலேயே ஹார்வர்டில் பேராசிரியராக அமர்ந்தார். 1850ஆம் ஆண்டில் எலிசபெத் கேரி என்பவரை மணந்தார். 1859ஆம் ஆண்டில் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தை நிறுவினார்.

அகாசியிடம் சேரும் மாணவர் எவராயினும் அவருக்கு முதலில் கிடைப்பது நூல் அன்று. சாராயத்தில் பதப்படுத்திய ஒரு மீன். பின்னாளில் வண்ணத்துப்பூச்சி ஆய்வில் புகழ்பெற்ற சாமுவேல் ஸ்கடர் இவ்வாறு ஒரு மீனைப் பெற்றார். உருப்பெருக்கியோ வேறு கருவியோ பயன்படுத்தக்கூடாது. கண்ணும் கையும் மட்டுமே துணை. பத்து நிமிடங்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக ஸ்கடர் எண்ணினார். ஆசிரியரைத் தேடினார், அவரோ வெளியே சென்றிருந்தார். வேறு வழியின்றி மீண்டும் மீனின் முன் அமர்ந்தார். சலிப்பை மறக்க எழுதுகோலை எடுத்து மீனை வரையத் தொடங்கியபோது, அதுவரை கண்ணில் படாத உறுப்புகள் தெரியத் தொடங்கின. ஆசிரியர் திரும்பி வந்தபோது தாம் கண்டவற்றை ஒவ்வொன்றாகக் கூறினார். முதன்மையான ஒன்றை இன்னும் காணவில்லை என்று கூறிவிட்டு ஆசிரியர் அகன்றார். இரவெல்லாம் சிந்தித்த ஸ்கடர், மீனின் இரு பக்கங்களும் ஒத்தமைந்தவை, உறுப்புகள் இணையிணையாக உள்ளன என்பதை மறுநாள் காலையில் கூறினார். அகாசி மகிழ்ந்தார். இனி என்ன செய்வது என்று மாணவர் கேட்டபோது, அதே மீனை மேலும் நோக்குமாறு பணித்தார். இவ்வாறு மூன்று நாள்கள் கழிந்தன. நான்காம் நாளில் அதே இனத்தொகுதியைச் சேர்ந்த மற்றொரு மீன் அதனருகில் வைக்கப்பட்டது. ஒப்பிட்டுக் காணும் பயிற்சி அப்போதுதான் தொடங்கியது.

இம்முறை மாணவர்க்கு எரிச்சலூட்டியது உண்மையே. ஆனால், கேட்டு எழுதிய செய்தி மறந்துபோகும். தாமே உழைத்துக் கண்ட செய்தி மறவாது என்பதை ஸ்கடர் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

கடற்கரைக்கு ஏன் செல்ல வேண்டும்?

அக்காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் விலங்கியல், பெரும்பாலும் நூலைப் பார்த்து மனப்பாடம் செய்யும் பாடமாகவே இருந்தது. நட்சத்திர மீனைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், உயிருள்ள நட்சத்திர மீனைப் பார்த்திராதவராக இருப்பது வியப்புக்குரியதன்று. மாணவர்கள் மாற வேண்டுமாயின் முதலில் ஆசிரியர்கள் மாற வேண்டும் என்று அகாசி கருதினார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அன்டன் டோர்ன் அதே காலத்தில் கடல் ஆய்வு நிலையம் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். அது தேர்ந்த ஆய்வாளர்களுக்கு உரியது. அகாசி விரும்பியதோ பள்ளி ஆசிரியர்களுக்கான கடற்கரைப் பள்ளி.

கடலுயிர்களை ஆய்வுக்கூடத்தில் குடுவைக்குள் வைத்துக் காணலாமே என்னும் ஐயம் எழக்கூடும். சாராயக் குடுவையில் ஜெல்லிமீன் தன் ஒளியையும் நிறத்தையும் வடிவத்தையும் இழந்துவிடும். கடலில் அது குடைபோல் விரிந்து சுருங்கி நீந்தும் அழகைக் குடுவை காட்டாது. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு, நீர் வற்றியபோது மூடிய ஓடாகவே தோன்றும். நீர் ஏறியதும் ஓட்டின் வாய் திறக்கும். இறகு போன்ற கால்கள் வெளிநீண்டு நீரிலுள்ள உணவைத் துழாவும். அதே உயிரியின் இரு நிலைகளையும் காண ஒருவர் அங்கேயே காத்திருக்க வேண்டும்.

தங்கிப் பயில வேண்டியதற்குக் கடலின் ஒழுங்கே மற்றொரு காரணம். கடல் வற்றும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் வற்றும் கடல், ஒரு வாரம் கழித்து விடியலிலும் அந்தி வேளையிலும் வற்றும். பள்ளி மணிக்கேற்பக் கடல் இயங்காது. கடலின் நேரத்திற்கேற்பப் பள்ளிதான் இயங்க வேண்டும். கரையிலேயே உறங்கி எழுவோர்க்கு மட்டுமே அது இயலும்.

தெரிந்து தெளிவோம்

உயர் ஓதத்தின்போது நீரில் மூழ்கியும் தாழ் ஓதத்தின்போது வெளிப்பட்டும் காணப்படும் கரைப்பகுதி ஓதமிடைப் பகுதி எனப்படும். இங்கு வாழும் உயிரினங்கள் ஒரே நாளில் வெயில், உலர்வு, அலைமோதல், உப்புச்செறிவின் மாற்றம் ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டும். நீண்ட நேரம் உலர்வைத் தாங்கவல்லவை மேற்பகுதியிலும், தாங்க இயலாதவை கீழ்ப்பகுதியிலும் வாழ்கின்றன. ஆகவே, பாறைக் கரைகளில் உயிரினங்கள் பட்டை பட்டையாக அமைந்திருப்பதைக் காணலாம். முழுநிலவு, புதுநிலவு நாள்களையொட்டிக் கடல் மிகுதியாக வற்றுவதால் அந்நாள்கள் களப்பணிக்கு ஏற்றவை.

பெனிகீஸ் பிறந்த கதை

கடற்கரைப் பள்ளித் திட்டத்திற்குப் பணமில்லை. 1873ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், தம் அருங்காட்சியகத்தைக் காண வந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் அகாசி தம் கனவை எடுத்துரைத்தார். அவ்வுரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைப் படித்தவர்களுள் ஒருவர் நியூயார்க் நகரின் செல்வந்தரான புகையிலை வணிகர் ஜான் ஆண்டர்சன். அவர் அகாசியுடன் பழகியவரல்லர். ஆயினும், தமக்கு உரிமையான பெனிகீஸ் தீவையும் அதிலிருந்த வீட்டையும் களஞ்சியத்தையும் பள்ளிக்கு வழங்க முன்வந்தார். அத்துடன் 50,000 டாலரும் அளித்தார். பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஜூலை மாதத்திற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. தொடக்க நாளுக்கு முந்தைய வாரக் கடைசியில் அகாசி தீவுக்குச் சென்றபோது மாணவர் தங்குமிடம் முடிவுபெறவில்லை. தொடக்க விழாவைத் தள்ளிவைப்பதே நல்லது என்று பலரும் கருதினர். அகாசி இசையவில்லை. தச்சர்களை ஒன்றுகூட்டி, இது எவர்க்கும் ஆதாயம் தரும் வேலையன்று, கல்விக்கான வேலை என்பதை விளக்கி, ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையும் உழைக்க இயலுமா என்று கேட்டார். அனைவரும் இசைந்தனர். ஆடுகள் அடைந்திருந்த களஞ்சியம் ஒழிக்கப்பட்டது, புதுத்தளம் இடப்பட்டது. நீண்ட மேசைகள் போடப்பட, அதுவே உணவுக்கூடமும் விரிவுரைக்கூடமும் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை மாணவர்கள் வந்து சேர்ந்தனர். களஞ்சியத்தின் கதவுகள் திறந்தே இருந்தன. கூரையில் கூடு கட்டியிருந்த தகைவிலான் குருவிகள் புதிய கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் தலைக்குமேல் பறந்து சென்றும் திரும்பியும் கொண்டிருந்தன. அகாசி பேச எழுந்தார். இப்பணிக்கு இறையருள் வேண்டும் என்று உணர்ந்த அவர், தமக்காகப் பிறரை வேண்டச் சொல்லாமல், ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் அமைதியாக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டார். அனைவரும் தலைகுனிந்து நின்ற அந்தச் சில நொடி அமைதியைக் கவிஞர் விட்டியர் பின்னர் ஒரு கவிதையாகப் பாடினார்.

தீவின் நாள்கள்

பெனிகீஸ் பள்ளியில் பாடநூல் முதன்மை பெறவில்லை. நூல்களை விட்டு இயற்கையைப் பயிலுங்கள் என்னும் பொருள்பட எழுதிய வாசகம் ஆய்வுக்கூடச் சுவரில் இடம்பெற்றிருந்தது. காலையில் விரிவுரை, பின்னர்க் கரையில் சேகரிப்பு, அதன்பின் ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள உயிரினங்களை நோக்கி வரைதல் என நாள்கள் அமைந்தன. பாறைகளைப் புரட்டியும் குட்டைகளில் தேடியும் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, நண்டு, கடற்புழு முதலியவற்றை மாணவர்கள் தாமே கண்டெடுத்தனர். நன்கொடையாகக் கிடைத்த பாய்மரப் படகில் ஏறிச் சென்று, கடலடியில் வாரி இழுக்கும் வலையால் ஆழத்து உயிர்களையும் சேகரித்தனர். அப்பணியை வழிநடத்தியவர் ஆழ்கடல் ஆய்வில் தேர்ந்த பூர்த்தலே. இவர் சுவிட்சர்லாந்து நாளிலிருந்தே அகாசியின் மாணவர்.

தீவின் நிலமும் பாடமாயிற்று. எலிசபெத் தீவுகள் என்னும் அத்தீவுக்கூட்டம், பனியூழியின்போது பனித்திரள் விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் சேர்ந்து அமைந்தது. கரையில் கிடந்த பெரும்பாறைகளைக் காட்டி, ஆல்ப்ஸ் மலையில் தாம் கண்ட பனியாறுகளின் கதையை அகாசி விளக்கினார். கடலுயிரைக் காண வந்தோர் தாம் நின்ற நிலத்தையும் கண்டனர்.

அகாசியின் மனைவி எலிசபெத் நாள்தோறும் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவர் முன்னரே, அகாசியின் முதல் மனைவியின் மகனான அலெக்சாண்டருடன் இணைந்து கடற்கரை உயிர்களைப் பற்றிய நூலொன்றை 1865ஆம் ஆண்டில் எழுதியவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெண்களை மாணவர்களாக ஏற்காத காலம் அது. பெனிகீஸ் தீவிலோ பெண்களும் ஆண்களும் ஒரே கரையில் சேகரித்தனர். ஒரே கூடத்தில் ஆய்ந்தனர். எலிசபெத் பிற்காலத்தில் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் முதல் தலைவரானார்.

அகாசி மகிழ்ச்சியோடு கற்பித்தார். ஆனால், உடல் தளர்ந்துவந்ததை உடனிருந்தோர் உணர்ந்தனர். கோடை முடிந்தது, மாணவர்கள் தத்தம் பள்ளிகளுக்குத் திரும்பினர். 1873ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அகாசி மறைந்தார். மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவருடைய கல்லறையின் மேல் அடையாளமாக நிற்பது, இளமையில் அவர் தங்கி ஆய்ந்த ஆர் பனியாற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பாறை.

காணத் தவறியவை

அகாசியின் வாழ்வை இத்துடன் நிறுத்தினால் அது பாதி உண்மையாகவே அமையும்.

1859ஆம் ஆண்டில் டார்வினின் பரிணாமக் கொள்கை வெளிவந்தது. ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே இறைவனால் படைக்கப்பட்டது என்று நம்பிய அகாசி, இக்கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. மீன் புதைபடிவங்களின் வரிசையை அவரைப்போல் அறிந்தவர் அரிது. பரிணாமத்திற்குச் சான்றாகப் பிறர் எடுத்துக்காட்டியவற்றுள் அவருடைய ஆய்வுகளும் அடங்கும். சான்று அவர் மேசையிலேயே இருந்தது. முன்முடிவு அதை மறைத்தது.

இதனினும் பெரிய பிழை மனிதரைப் பற்றியது. மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை, அவை சமமானவை அல்ல என்று அவர் பேசியும் எழுதியும் வந்தார். அடிமைமுறையை ஆதரித்தோர்க்கு அக்கருத்து கருவியாயிற்று. 1846ஆம் ஆண்டில் அமெரிக்கா வந்த புதிதில், விடுதியொன்றில் பணிபுரிந்த கறுப்பின மக்களை முதன்முதலாகக் கண்டபோது தம் உள்ளத்தில் எழுந்த வெறுப்பைத் தாய்க்கு எழுதிய மடலில் அவர் பதிவுசெய்துள்ளார். 1850ஆம் ஆண்டில், தெற்குக் கரோலினா மாநிலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ரென்டி, டீலியா முதலியோரை ஆடை களையச் செய்து, தம் கொள்கைக்குச் சான்றாக ஒளிப்படம் எடுக்கச் செய்தார். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

ஒரு மீனைப் பற்றி முடிவு கூற மூன்று நாள்கள் போதா என்று கற்பித்தவர், சக மனிதரைப் பற்றி ஒரு பார்வையில் முடிவு கட்டினார். தம் மாணவர்க்கு விதித்த பொறுமையை அவர் தமக்கு விதித்துக்கொண்டிருந்தால், அந்த மனிதர்களின் பேச்சையும் அறிவையும் துயரத்தையும் கண்டிருக்கக்கூடும். அவருடைய கருத்துகள் அறிவியல் அடிப்படையற்றவை என்பது இன்று தெளிவு. மாசசூசெட்ஸில் அவர் பெயர் தாங்கிய பள்ளி ஒன்றுக்கு, கறுப்பினத்தைச் சேர்ந்த சிறந்த கல்வியாளரான மரியா பால்டுவினின் பெயர் 2002ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. பால்டுவின் அதே பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர்.

மாணவர்களிடமும் அகாசி சில வேளைகளில் கடுமை காட்டினார். அருங்காட்சியகத்தில் செய்யும் ஆய்வு அருங்காட்சியகத்திற்கே உரியது என்று அவர் கட்டுப்பாடு விதித்தபோது, 1860களில் சிறந்த மாணவர் பலர் அவரைவிட்டு விலகினர். அவர்களுள் பாக்கார்டு, ஹயாட் ஆகியோரும் இருந்தனர். ஸ்கடர் உட்பட அவருடைய முதன்மை மாணவர்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் பரிணாமக் கொள்கையை ஏற்றனர். ஆசிரியரின் முடிவை மறுக்க அவர்களுக்குத் துணிவளித்தது அந்த ஆசிரியர் கற்றுத்தந்த முறையே. உற்றுநோக்கக் கற்றவர்கள் தாம் கண்டதையே நம்பினர்.

கரையில் தொடர்ந்த பள்ளி

தந்தையின் மறைவுக்குப் பின் 1874ஆம் ஆண்டுக் கோடையில் அலெக்சாண்டர் அகாசி பெனிகீஸ் பள்ளியை நடத்தினார். தொடர்ந்து நடத்தப் போதிய நிதி கிடைக்கவில்லை. அவருடைய உடல்நலமும் குன்றியது. இரண்டே கோடைகளில் பள்ளி மூடப்பட்டது. ஆய்வுக்கூடம் வெறுமையாயிற்று.

ஆயினும், அத்தீவில் பயின்றோர் பல இடங்களில் அப்பணியைத் தொடர்ந்தனர். பெனிகீஸ் மாணவரான வில்லியம் புரூக்ஸ் 1878ஆம் ஆண்டில் செசபீக் விரிகுடாவில் கடல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். மற்றொரு மாணவரான டேவிட் ஸ்டார் ஜோர்டன் மீனியல் அறிஞராகி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். முன்பு அகாசியை விட்டு விலகிய ஹயாட், ஆசிரியரின் கனவை விட்டு விலகவில்லை. பாஸ்டன் நகரப் பெண்கள் கல்விச் சங்கத்தின் துணையுடன் அன்னிஸ்குவாம் என்னும் ஊரில் அவர் ஒரு கடற்கரை ஆய்வுக்கூடம் நடத்தினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 1888ஆம் ஆண்டில் வுட்ஸ் ஹோல் என்னும் ஊரில் கடல் உயிரியல் ஆய்வகம் உருவாயிற்று. அவ்வூர் பெனிகீஸ் தீவுக்கு அருகிலேயே, அதே விரிகுடாவை ஒட்டி அமைந்தது. ஆய்வகத்தின் முதல் இயக்குநர் சார்லஸ் ஓடிஸ் விட்மன். அவரும் பெனிகீஸ் மாணவரே.

1874ஆம் ஆண்டில் பெனிகீஸ் தீவில் பயின்ற கார்னீலியா கிளாப் என்னும் ஆசிரியை, வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் முதல் கோடையிலேயே அங்குச் சென்று சேர்ந்தார். மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அவர், தம் மாணவியர்க்கும் நூலைவிட உயிரினத்தையே முதன்மையாகக் காட்டினார். 1929ஆம் ஆண்டில் கடலைக் காண அதே வுட்ஸ் ஹோலுக்கு ஓர் இளம்பெண் வந்தார். உள்நாட்டில் வளர்ந்த அவர், கடலைப் பற்றி நூல்களில் மட்டுமே படித்திருந்தவர். பின்னாளில் கடலைப் பற்றியும் சுற்றுச்சூழலைப் பற்றியும் எழுதி உலகின் மனச்சான்றைத் தட்டியெழுப்பிய ரேச்சல் கார்சனே அவர்.

பெனிகீஸ் கட்டடங்கள் இன்று இல்லை. ஆனால், கடல் வற்றும் நேரம் பார்த்து எழுந்து, கையில் குறிப்பேட்டுடன் பாறைக் குட்டையின் முன் மாணவர்கள் அமரும்போதெல்லாம் அப்பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. புரட்டிய கல்லை மீண்டும் இருந்தவாறே வைப்பதும், எடுத்த உயிரைக் கண்ட இடத்திலேயே விடுவதும் இன்றைய களப்பணி சேர்த்துக்கொண்ட அறங்கள். அகாசியின் வாழ்வு தரும் பாடம் அக்கரையோடு நின்றுவிடுவதன்று. மீனையும் நட்சத்திர மீனையும் பொறுமையோடு நோக்கும் கண், சக மனிதரையும் அதே பொறுமையோடு நோக்கும்போதுதான் காணும் கல்வி நிறைவுபெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ காணும் ஏதேனும் ஓர் உயிரினத்தை மூன்று நாள்கள் தொடர்ந்து உற்றுநோக்குக. நாள்தோறும் அதனை வரைந்து, புதிதாகக் கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

2. சிறந்த ஆசிரியர் ஒருவரின் தவறான கருத்துகளை எவ்வாறு எதிர்கொள்வது? அகாசியின் மாணவர்களை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. கடற்கரைக் களப்பணிக்குச் செல்லும் மாணவர் குழு பின்பற்ற வேண்டிய நெறிகளைப் பட்டியலிடுக.